ஞானம் ஆன்டியின் வலது பக்கம்

1

குன்னூரில் இருக்கும் என் தங்கை விஜயா இருபது வருஷமாக ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். "அந்த வெயில்ல நீ யாருக்குக்கா ஸ்வெட்டர் போடறே?"

இந்த ஆவணியோடு நான் கோலாலம்பூருக்கு வந்து இருபது வருஷம் நிறைகிறது. என் கணவர் கேக் வாங்கி வந்தார். மகள் மீனா மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, "ஹேப்பி பர்த்டே டு யுவர் பாஸ்போர்ட், மா" என்றாள். பதினேழு வயது. தமிழில் திட்டினால் ஆங்கிலத்தில் பதில் வரும். ஆங்கிலத்தில் திட்ட எனக்கு வராது. கேக்கைச் சாப்பிட்டு முடித்து, விஜயாவின் கேள்விக்கு இந்தத் தடவையாவது ஒழுங்காகப் பதில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத அது நீண்டுகொண்டே போனது. போகட்டும், நீங்களும் படியுங்கள்.

எங்கள் ஊரில் பெண்கள் கையில் ஊசி இல்லாமல் நிற்பதை நான் பார்த்ததில்லை. பஸ் வரும்வரை பின்னுவார்கள், பஸ் வந்ததும் அக்குளில் நூலுருண்டையை இடுக்கிக்கொண்டு ஏறி, உட்கார இடம் கிடைத்ததும் மறுபடி பின்னுவார்கள். ஊர்வம்பு, கல்யாணப் பேச்சு எல்லாம் அந்த ஊசி முனையில்தான் நடக்கும். கல்யாணமாகி நான் கப்பலேறியபோது என் பெட்டியில் புடவைக்கு அடியில் நாலு ஜோடி ஊசி இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸில் வந்து இறங்கிய முதல் மத்தியானம், மின்விசிறிக்குக் கீழே நின்றும் முதுகெல்லாம் வியர்வை வழிந்தது. போச்சு, இந்த ஜென்மத்தில் இனி பின்னல் கிடையாது என்று நினைத்தேன். அடுத்த மாதம் குளியலறைக் குழாய் அடைத்துக்கொண்டபோது என் கணவர் என்னைக் கேட்காமலே அதில் ஒரு ஊசியை எடுத்துக் குத்திவிட்டார். அழுகை வந்துவிட்டது எனக்கு. "ஒரு கம்பிக்கு எதுக்கு இவ்வளவு?" என்று அவர் முழித்தார். அச்சகத்தில் வேலை செய்கிறவர், பாவம், அவருக்கு என்ன தெரியும்.

2

மீனா பிறந்து நடக்க ஆரம்பித்திருந்த சமயம். ஒரு சனிக்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். ஒரு பழைய வீட்டின் கம்பிக் கதவு வழியாக உள்ளே கண் போனது. அப்படியே நின்றுவிட்டேன்.

கூடத்தில் விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் அடியில் ஐந்தாறு பெண்கள், ஆளுக்கொரு மடி நிறையக் கம்பளி. வெளியே தார்ரோடு கொதிக்கிறது, இவர்கள் ஸ்வெட்டர் பின்னுகிறார்கள்! நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் தட்டு, தட்டு நிறையப் பவுடர். நாலு வரிசைக்கு ஒருதரம் கையை அந்தப் பவுடரில் ஒற்றி எடுத்துவிட்டுத் தொடர்ந்தார்கள். வியர்த்த விரலில் நூல் ஒட்டிக்கொண்டு ஊசியில் நகராது, அதற்கு இந்த ஏற்பாடு. குன்னூர்க்காரி எனக்கு அப்படி ஒன்று தேவைப்படும் என்றே தோன்றியதில்லை.

"என்ன பிள்ளை, வெயிலுக்க நிக்கிறீர்? உள்ளுக்கு வாருமன்" என்று ஒரு குரல். அதுதான் ஞானம் ஆன்டி.

ஆன்டியின் குடும்பம் யாழ்ப்பாணம். அவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கேதான். அரசாங்க அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் ரயில்வேயில் வேலை பார்த்தவர், காலமாகிவிட்டார். வீட்டில் அவரும் தங்கை சரசுவும் மகனும் மட்டும். ஒரே மகன் சிவா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

"எந்த ஊர் நீர்?"

"குன்னூருங்க. ஊட்டிக்குக் கீழ."

"அங்க குளிருமோ?"

"குளிராமயா? மார்கழில பல்லு கிட்டிக்கும். ஊட்டில புல்லு மேல பனி உறைஞ்சே கிடக்கும்."

ஊசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. சாலாக் செலாத்தானிலிருந்து வரும் சீன அம்மா மிசஸ் டான், என் பேச்சில் பாதி புரிந்து, "ஐஸ் ஆ? ஆன் தி கிராஸ்? ட்ரூ ஆ?" என்று கேட்டாள். கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வரும் லெட்சுமி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். காசிக்குப் போய் வந்தவளைப் பார்ப்பது போல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருத்திகூடப் பனி உறையும் குளிரைக் கண்டதில்லை. எனக்குத்தான் அன்றைக்கு அவர்களைப் பார்த்து வாய் பிளந்தது. குளிருக்குப் பயந்து பின்னுகிறவர்களை எனக்குத் தெரியும். குளிரே இல்லாத இடத்தில் இத்தனை ஆசையாகப் பின்னுகிறவர்களை அன்றுதான் பார்க்கிறேன்.

"எதுக்குப் பின்றீங்க?" என்று கேட்டேவிட்டேன்.

"சும்மாதான்க்கா" என்றாள் லெட்சுமி. "ஃபேக்டரில ஓவர்டைம் முடிச்சிட்டு வந்தா தலை கிறுகிறுன்னு இருக்கும் லா. ரெண்டு வரி போட்டா நிக்குது."

அடுத்த சனிக்கிழமை மிச்சமிருந்த ஊசிகளோடு போய்விட்டேன். குழாய் குத்திய ஊசியும் கூட வந்தது, வளைந்தபடியே.

3

எனக்கும் ஞானம் ஆன்டிக்கும் முதல் நாளே முட்டிக்கொண்டது. நான் நூலை வலது கையில் பிடித்து ஊசி மேல் சுற்றிப் போடுகிறவள். எங்கள் ஊரில் எல்லோரும் அப்படித்தான். ஆன்டி நூலை இடது சுட்டுவிரலில் சுற்றிக்கொள்வார். வலது ஊசி அதைக் கொக்கி போல் எட்டி இழுத்துக்கொள்ளும், அவ்வளவுதான் அதற்கு வேலை. சின்ன வயதில் ஒரு ஜெர்மன்கார நர்ஸம்மாவிடம் கற்றுக்கொண்டாராம்.

"என்ன ஆன்டி இது, இடது கையால சாப்பிடற மாதிரி" என்பேன்.

"நீர் பின்னுறது கயிறு முறுக்கிற மாதிரிக் கிடக்கு" என்பார். "அதுக்குள்ள ஒரு பிள்ளை மூச்சு விடுமோ?"

அவர் பின்னலில் இன்னொரு கோளாறும் கண்டுபிடித்தேன். நாங்கள் ஸ்வெட்டர் கையை மணிக்கட்டில் தொடங்கித் தோளில் முடிப்போம். அவர் தோளில் தொடங்கி மணிக்கட்டில் முடிப்பார். கேட்டால், "பிள்ளையள் வளருங்கள் எல்லே? கை காணாமல் போனால் நுனியைப் பிரிச்சு இன்னும் நாலு வரி போடலாம்" என்று பதில். சிவாவின் நீலநிற ஸ்வெட்டரை அப்படித்தான் வருஷா வருஷம் மணிக்கட்டில் பிரித்து நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நீட்டிய இடத்தில் எல்லாம் நீலம் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருக்கும்.

கோலாலம்பூரில் வளரும் பையனுக்கு எதற்கு ஸ்வெட்டர் என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேதான் இவர்களுடைய வழக்கம் ஒன்று இருக்கிறது. ஒரு துணி மலையில் போட்டுப் பார்த்தால்தான் முடிந்ததாகக் கணக்கு. வருஷக் கடைசி பள்ளி விடுமுறையில் ஒரு வேன் பிடித்து, அந்த வருஷம் பின்னிய அத்தனையையும் மூட்டை கட்டிக்கொண்டு கேமரன் மலைக்குப் போவார்கள். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பாதிப் பேர் வாந்தி எடுப்பார்கள். மேலே இறங்கியதும் முதல் வேலை, மூட்டையைப் பிரித்து ஆளாளுக்கு மாட்டிக்கொள்வது.

நான் முதல்முறை போனபோது சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் போனேன். அந்தக் குளிர் எங்கள் ஊரில் சித்திரை மாதக் காலைக்குக்கூட உறை போடக் காணாது. ஆனால் மிசஸ் டான் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் தன்னையே கட்டிக்கொண்டு, கண்ணை மூடி நின்றாள். லெட்சுமி வாயைத் திறந்து புகை வருகிறதா என்று ஊதிப் பார்த்தாள். சிவாவும் மற்றப் பிள்ளைகளும் தேயிலைச் சரிவில் கம்பளிப் பந்துகளாக உருண்டார்கள். ஒரு வருஷ வேலை முழுவதையும் ஒரே பகலில் உடுத்தித் தீர்க்கிறார்கள்! என் சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பிறந்ததிலிருந்து குளிரில் கிடந்த எனக்கு, குளிர் ஒரு கொடுப்பினை என்று அன்றைக்கு அந்த வேன் பக்கத்தில் நின்றபோதுதான் உறைத்தது.

மதியம் சாப்பிட்டபின் ஒரு விளையாட்டு உண்டு. மிசஸ் டான் கண்ணை மூடிக்கொள்வாள். ஒவ்வொரு துணியாகக் கையில் கொடுப்போம், யார் போட்டது என்று தடவிப் பார்த்தே சொல்லிவிடுவாள். நூலை இழுத்துப் பிடிக்கிற இறுக்கம் ஆளுக்கு ஆள் வேறு, கையெழுத்து மாதிரி. என்னுடையதைத் தொட்டதுமே, "கமலா! டூ டைட் லா, லைக் ஹெர் மவுத்!" என்பாள். ஆன்டியுடையதைத் தொட்டால் மட்டும் உடனே பெயரைச் சொல்லமாட்டாள். கொஞ்ச நேரம் தடவிக்கொண்டே இருந்துவிட்டு அப்புறம்தான் சொல்வாள். அத்தனை மெத்தென்று இருக்கும்.

இந்த இடத்தில் சுங்கக் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை விஜயா குன்னூரிலிருந்து அனுப்பிய கம்பளி நூல் பார்சலை நிறுத்தி வைத்துவிட்டார்கள். மூன்றாம் கவுண்டர், ஒன்றாம் கவுண்டர், திரும்ப மூன்று. என் மலாய் அப்போது பாசாரில் மீன் வாங்கும் அளவுக்குத்தான். கதகதப்பான நூல் என்று சொல்லப் போய், 'பெனாங் பானாஸ்' என்றேன். சூடான நூல் என்று அர்த்தம். அதிகாரி நூலிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். குளிருக்கு என்று விளக்க, 'செஜுக், செஜுக்' என்று தோளைக் குறுக்கிக் காட்டினேன். எனக்குத்தான் குளிர்கிறது போலிருக்கிறது என்று அந்த நல்ல மனுஷன் எழுந்துபோய் விசிறியை நிறுத்திவிட்டார். வேறு வழியில்லாமல் பையிலிருந்து ஊசியை எடுத்து அங்கேயே பின்னிக் காட்டினேன். வரிசையில் நின்றவர்கள் சுற்றிக்கொண்டார்கள். உள்ளேயிருந்து ஒரு பெண் அதிகாரி வந்து, தன் குழந்தைக்குக் காலுறை போட்டுத் தர முடியுமா என்று கேட்டாள். பார்சல் வந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குக் காலுறையும் போனது.

4

சிவா படிக்க ஸ்காட்லாந்து போனான். படிப்பு முடிந்தது, வேலை கிடைத்தது, அங்கேயே இருந்துவிட்டான். முதலில் வாரம் ஒரு போன், பிறகு மாதம் ஒன்று, பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும். "லீவு கிடைக்கேல்லையாம்" என்பார் ஆன்டி, நாங்கள் கேட்காமலே. பழைய நீல ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்திருந்தார். அது இனி எத்தனை வரிசை நீட்டினாலும் அவனுக்குப் பற்றாது. ஆகவே சாம்பல் நிறத்தில் புதிதாக ஒன்று தொடங்கினார். அவன் கேட்கவில்லை. "வந்தால் குடுப்பன்" என்றார். வருவானா என்பதுதான் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி.

முன்பக்கம், பின்பக்கம், ஒரு கை எல்லாம் முடிந்து, இரண்டாவது கை தோளில் தொடங்கியிருந்த சமயத்தில் ஆன்டி குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோது அவர் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிச்சமிருந்தது. "பிறகு." தேநீர் வேணுமா என்றாலும் பிறகு, வலிக்கிறதா என்றாலும் பிறகு. கேட்பவர்கள் ஆமாவா இல்லையா என்று கண்ணைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை நாங்கள் ஊசியைப் பைக்குள் ஒளித்துக்கொண்டுதான் போனோம். அவர் முன்னால் பின்னுவது பாவம் என்று எங்களுக்குள் பேச்சு. கூடத்தில் சும்மா உட்கார்ந்து சுவரைப் பார்த்தோம். ஆன்டிக்குக் கோபம் வந்துவிட்டது. இடது கையால் முக்காலியைத் தட்டினார். சரசு புரிந்துகொண்டு பவுடர் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். திரும்பத் தட்டினார். அந்துருண்டை மணக்கும் பிஸ்கட் டின் வந்தது. அதற்குள்தான் அந்தச் சாம்பல் ஸ்வெட்டர்.

"ஐ ஃபினிஷ் ஃபார் யூ, ஞானம்" என்று மிசஸ் டான் கையை நீட்டினாள். ஆன்டி தரவில்லை. லெட்சுமி கேட்டாள், அவளுக்கும் தரவில்லை. கண்ணிகள் நிறைந்த ஊசியை இடது கையில் பிடித்தார், பல்லால் நூலை இழுத்து இடது சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டார். பிறகு அப்படியே அதை வலது பக்கமாக நீட்டிக்கொண்டு காத்திருந்தார். வலது கை மடியில் துணி போலக் கிடந்தது. எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கண் மட்டும் என்னைப் பார்த்தது.

எனக்குச் சுரீர் என்றது. எழுந்துபோய் பெஞ்சில் அவருக்கு வலது பக்கம் இடுப்போடு இடுப்பு ஒட்டி உட்கார்ந்தேன். காலி ஊசியை என் வலது கையில் எடுத்து முதல் கண்ணிக்குள் விட்டேன். நூல் அவர் விரலில் விறைப்பாகத் தயாராக நின்றது. எட்டி இழுத்தேன். ஒரு கண்ணி விழுந்தது.

இத்தனை வருஷம் நான் கேலி பண்ணிய இடது கைப் பழக்கம்! அவர் என்னைப் போல வலது கையில் நூல் பிடிக்கிறவராக இருந்திருந்தால் எல்லாம் அன்றோடு தீர்ந்திருக்கும். பின்னலை ஆளுகிற விரல் அவருடைய இடது கையில் இருந்தது, அது பிழைத்திருந்தது. வலது பக்கத்தில் வெறும் கொக்கி வேலைதான், அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், நான்கூடச் செய்யலாம்.

சுலபமாக இருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். வரிசை முடிந்து ஊசி மாற்றும்போது கண்ணிகளைச் சிந்தினோம். மறுபக்கத்தில் கண்ணியைத் திருப்பிப் போடும் பர்ல் வரிசை எங்களைக் கொன்றது. நான் அவசரப்பட்டால் அவர் விரலை மடக்கி நூலை நிறுத்திவிடுவார். ஒருநாள் அவர் கண்ணயர்ந்த நேரத்தில் நான் நூலையும் என் கைக்கு மாற்றிக்கொண்டு ஒரு வரிசையை விறுவிறுவென்று போட்டேன். விழித்தார், பெருவிரலால் தடவினார், ஊசியை உருவிவிட்டு அந்த வரிசை முழுவதையும் சர்ரென்று பிரித்துப் போட்டார். "உங்க திமிருக்குப் பக்கவாதம் வரலையே ஆன்டி!" என்று கத்தினேன். அவர் பாதி வாயால் சிரித்தார். சரசு உள்ளே ஓடிப்போய் அழுதாள்.

5

சிவா வந்தான். அம்மாவுக்கு இப்படி என்று கேட்டு, லீவு கிடைத்ததும் மூன்று வாரத்துக்குப் பறந்து வந்திருந்தான். தலைமுடி ஏறிப்போய், கண்ணாடி போட்டு, தமிழ் கொஞ்சம் துருப்பிடித்து. டாக்டர், மருந்து, உடற்பயிற்சிக்கு ஆள் எல்லாவற்றையும் கச்சிதமாக ஏற்பாடு செய்தான். ஆனால் அம்மா பக்கத்தில் உட்காரத் தெரியவில்லை. வாசற்படியில் நின்றபடியே பேசினான், அவர் பதில் சொல்ல முடியாதபோது மணியைப் பார்த்தான்.

நாங்கள் இருவரும் ஒட்டி உட்கார்ந்து பின்னுவதைப் பார்த்துவிட்டு என்னிடம், "ஏன் ஆன்டி அம்மாவைக் கஷ்டப்படுத்துறீங்க? அங்க கடையில ஈஸியா வாங்கலாம்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வாங்கிக்கோப்பா. ரெண்டா வாங்கிக்கோ. இதை உங்கம்மா எனக்குப் போடறாங்கன்னு வச்சுக்கோ."

அவன் முகம் கறுத்துப்போனது. ஆன்டி என்னை முறைத்தார். பிறகு ஊசியை வைத்துவிட்டு இடது கையால் அவனைக் கூப்பிட்டார். வந்து குனிந்தான். தோளில் கைவைத்து, அங்கிருந்து சாண் போட்டு இறங்கினார். தோள், புஜம், முழங்கை, மணிக்கட்டு. அங்கே வந்து அவர் கை நின்றது. மூடிக்கொண்டது. கை நீளம் எவ்வளவு என்று எங்களுக்கு அப்போதே தெரிந்துவிட்டது, ஆனால் அவர் விடவில்லை. அவனும் இழுத்துக்கொள்ளவில்லை.

அவன் புறப்படுவதற்கு முதல்நாள் சனிக்கிழமை. எல்லோரும் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் கண்ணிகளை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே போய் மணிக்கட்டு ஓரத்துக்கு வந்தோம். மிசஸ் டான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். ஸ்வெட்டரைக் கொடுத்தோம். முதல் கையைத் தடவினாள், ஆன்டி முழு உடம்போடு இருந்தபோது போட்டது. இரண்டாவது கையைத் தடவினாள், நாங்கள் இருவரும் போட்டது. மேலும் கீழும் தடவினாள். "சேம்" என்றாள். "போத் ஞானம். வேர் இஸ் கமலா? கமலா இல்ல லா." என் கை அதில் எங்குமே இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

இனி நூலை அறுத்து, கடைசிக் கண்ணிக்குள் இழுத்து முடிச்சிட்டு, நுனியை உள்பக்கம் செருக வேண்டும். அதைச் செய்யாவிட்டால் முழுப் பின்னலும் அங்கிருந்து கழன்றுவிடும். நான் நூலை அறுத்து, ஊசியில் நுனியைக் கோக்கப் போனேன். ஆன்டி ஸ்வெட்டரைப் பிடுங்கிக்கொண்டார். நுனியை மணிக்கட்டு மடிப்புக்குள் விரலால் தள்ளி மறைத்தார்.

"ஆன்டி, முடிச்சு போடணும்."

"பிறகு."

"பிறகு எப்போ? நாளைக்கு ஃப்ளைட்டு!"

"பிறகு" என்றார், கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு. களைத்துவிட்டார், இரவு சரசுவை வைத்துச் செய்துகொள்வார் என்று விட்டுவிட்டேன். அவர் ஒரு கையாலேயே மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு சிவாவிடம் கொடுத்தார். மறுநாள் சுபாங் விமான நிலையத்தில் அவன் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். அலமாரியின் அடித்தட்டில்தான் கிடக்கப் போகிறது என்று என் கணவரிடம் சொன்னேன்.

6

அதற்குப் பிறகு ஒரு வருஷம் ஓடிவிட்டது. போன் மட்டும் முன்பைவிட அடிக்கடி வந்தது. ரிசீவரை சரசு ஆன்டியின் காதில் வைப்பாள். அவன் பேசுவான், இவர் "பிறகு" என்பார், அவன் மேலே பேசுவான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை. நானும் ஆன்டியும் கிள்ளானில் லெட்சுமியின் அண்ணனுக்குப் பிறந்த குழந்தைக்குத் தொப்பி போட்டுக்கொண்டிருந்தோம். வாசலில் டாக்சி நின்றது. சிவா இறங்கினான். சொல்லவில்லை, கொள்ளவில்லை, விமான நிலையத்திலிருந்து நேரே வந்திருக்கிறான். ஒரு கையில் பெட்டி, மறு கையில் அதே பிளாஸ்டிக் பை.

"அம்மா, கை கழண்டு போச்சு" என்றான்.

பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தான். இரண்டாவது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பிரிந்து போயிருந்தது. பிரிந்த நூலைச் சின்ன உருண்டையாகச் சுற்றி, கழன்ற கண்ணிகள் மேலே ஓடாமல் ஊக்குகளைக் குத்தி வைத்திருந்தான். சபையில் என் மானமே போயிற்று. அதில் பாதி என் வேலை அல்லவா!

"அங்க ஒரு கடையில தைச்சுத் தாறம் எண்டாங்க. நான் வேண்டாம் எண்டுட்டன்" என்றான் அவன், அம்மாவைப் பார்த்து. "சின்ன வயசில கை காணாட்டி அம்மாதானே பிரிச்சு நீட்டித் தருவா."

நான் ஸ்வெட்டரை வாங்கிப் புரட்டினேன். கழுத்து தளர்ந்து போயிருந்தது. அக்குளில் கம்பளி உருண்டு உருண்டு திரண்டிருந்தது. முன்பக்கத்தில் ஒரு தேநீர்க் கறை. இடது முழங்கை மேசையில் ஊன்றித் தேய்ந்திருந்தது. அலமாரியில் கிடந்த துணி இப்படி ஆகாது, கழலவும் கழலாது. தினம் போட்டுக் கழற்றினால்தான் அந்த மடிப்புக்குள் கிடந்த நுனி மெல்ல மெல்ல வெளியே வரும்.

"நான் அப்பவே சொன்னேனே ஆன்டி, முடிச்சு போடணும், முடிச்சு போடணும்னு!" என்று திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

ஆன்டி சிரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பாதி வாயால், தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. எனக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. லெட்சுமிக்கு முன்னமே விளங்கிவிட்டது, வாயில் கைவைத்துக்கொண்டாள். வாய் பேச முடியாமல், ஒரு கையை வைத்துக்கொண்டு, இந்த மனுஷி வேண்டுமென்றே முடிச்சைப் போடாமல் விட்டு என்ன காரியம் செய்திருக்கிறார்! என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டே செய்திருக்கிறார்! எழுந்து கும்பிட வேண்டும் போல இருந்தது.

அவர் ஊக்குகளைக் கழற்றி, கண்ணிகளை ஊசியில் ஏற்றும்படி சரசுவிடம் நீட்டினார். நூலை இடது சுட்டுவிரலில் சுற்றினார். நான் வழக்கம்போல வலது ஊசியை எடுத்தேன். ஆன்டி கையை நீட்டி என் முழங்காலைத் தள்ளினார். புரியாமல் பார்த்தேன். இன்னொருமுறை தள்ளினார், பலமாகவே. பிறகு பெஞ்சில் தன் வலது பக்கத்தைத் தட்டி, சிவாவைப் பார்த்தார்.

நான் எழுந்துகொண்டேன். அவன் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து அம்மாவோடு ஒட்டி உட்கார்ந்தான். ஊசியை ஸ்க்ரூ டிரைவர் மாதிரிப் பிடித்தான். முதல் கண்ணியைச் சிந்தினான், இரண்டாவதையும் சிந்தினான். ஆன்டி அவசரப்படவே இல்லை. நூலை அவன் பக்கம் நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஒரு மாத லீவில் வந்திருக்கிறானாம். அந்தக் கை வேகத்துக்கு ஒரு மாதத்தில் மணிக்கட்டை எட்டவே எட்டாது. பவுடர் தட்டை எடுத்து அவன் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.